ஈ, தா, கொடு

பிறரிடம் ஒன்றை வேண்டிப் பெறுவதற்குத் தமிழில் மூன்று சொற்கள் உள்ளன. ஈ என்பது ஒன்று. தா என்பது ஒன்று. கொடு என்பது ஒன்று. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு மூன்றும் ஒரே பொருள் தருவன போலத் தோன்றும். ஆனால், அவை ஒன்றல்ல என்பதைத் தொல்காப்பியர் எச்சவியலில் வரையறுத்துச் சென்றார். கேட்பவன் தாழ்ந்தவனாயின் 'ஈ' என்று இரப்பான். ஒத்தவனாயின் 'தா' என்று கேட்பான். உயர்ந்தவனாயின் 'கொடு' என்று பணிப்பான். கேட்கப்படும் பொருள் ஒன்றாகவே இருக்கலாம். கேட்பவனுக்கும் தருபவனுக்கும் இடையே உள்ள உறவை அந்தச் சிறு சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பள்ளி நாளில் எங்கள் தமிழாசிரியர் இதனை நடத்தியபோது, இரண்டு மதிப்பெண்ணுக்குரிய செய்தி என்பதற்கு மேல் நான் ஒன்றும் எண்ணியதில்லை. பட்டப்படிப்பு முடித்து, மத்திய அரசுப் பணியில் எழுத்தராகச் சேர்ந்து, ராஞ்சி நகருக்கு வந்து, கோப்புகளோடு இருபது ஆண்டுகள் வாழ்ந்த பின்னரே அந்த இலக்கண விதி ஓர் அறவிதியாக என் முன் வந்து நின்றது. இந்நாட்டுப் பழங்குடி மக்களின் பிள்ளைகள் உயர்கல்விக்காகப் பொதுப்பணத்தை நாடும்போது, இம்மூன்று சொற்களுள் எதனைச் சொல்ல உரிமை உடையவர்கள்? நாம் அவர்களை எதனைச் சொல்ல வைத்திருக்கிறோம்? இதுவே இக்கட்டுரையின் வினா.

ஓர் எழுத்துப் பிழை

எங்கள் அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் ஒருவர் இருக்கிறார். ஒராவோன் இனத்தவர், வீட்டில் குருக் மொழி பேசுபவர். என்னினும் பத்து வயது மூத்தவர். ஆயினும் இவ்வூர் வழக்கப்படி என்னைப் 'பாபு' என்றே அழைப்பார். அவருடைய தந்தையார் உழுத நிலம், அவர் பிறப்பதற்கு முன்பே ஒரு பெரிய தொழிற்சாலைக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. அவர் மகள் கல்லூரியில் இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை நிரப்பித் தரும்படி அவர் என்னிடம் கேட்டார். படிவங்களை நிரப்புவதில் எனக்கு இணை எவரும் இல்லை என்ற செருக்கு எனக்கு உண்டு. மகிழ்ச்சியோடு நிரப்பிக் கொடுத்தேன்.

மூன்று திங்கள் கழித்து விண்ணப்பம் ஆட்சேபணையோடு திரும்பி வந்தது. சாதிச் சான்றிதழில் குடும்பப் பெயர் ஒருவிதமாகவும், வங்கிக் கணக்கில் ஓர் எழுத்து வேறாகவும் இருந்தது. நான் அதனைக் கவனிக்கத் தவறிவிட்டேன். திருத்திய சான்றிதழ் பெறுவதற்குள் தேர்வுக் கட்டணம் செலுத்தும் நாள் கடந்தது. நான் பணம் தர முன்வந்தேன். காலம் கடந்த பின் முன்வந்தேன். அப்பெண்ணுக்கு ஓர் ஆண்டு வீணாயிற்று. அடுத்த ஆண்டு அவள் மீண்டும் சேர்ந்து படித்தாள் என்பது உண்மையே. ஆயினும் போன ஆண்டு போனதுதான்.

அவர் என்மேல் சினம் கொள்ளவில்லை. ஒருநாள் தேநீர் வேளையில், தம் தந்தையின் பெயர் எழுதிய பழைய இழப்பீட்டுத் தாள் ஒன்றை மடிப்புக் கிழியாமல் பிரித்துக் காட்டினார். அதில் அதே குடும்பப் பெயர் மூன்றாவது விதமாக எழுதப்பட்டிருந்தது. "பாபு, நிலத்தை எடுத்த அன்றைக்கு இந்த எழுத்தைப் பார்த்து எவரும் ஆட்சேபணை சொல்லவில்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

எத்தனையோ கோப்புகளில் நானே எத்தனையோ ஆட்சேபணைகள் எழுதியிருக்கிறேன். விதி அதுவாயின் எழுதத்தான் வேண்டும். ஆனால், எடுக்கும்போது கண்மூடிய விதி, கொடுக்கும்போது மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பது ஏன் என்ற கேள்வி அன்று முதல் என்னை விட்டு அகலவில்லை.

யாருடைய நிலத்தில் நம் வீடு?

வடபுலத்திற்குப் பிழைக்க வந்த தமிழர் நாம். நம்முள் பலரை இங்கே அழைத்து வந்தவை ரூர்கேலா, பிலாய், பொக்காரோ, ஹட்டியா போன்ற இடங்களில் எழுந்த பெருந்தொழில்களும், அவற்றைச் சுற்றிப் பெருகிய அலுவலகங்களுமே. அகலமான சாலைகளும் மரநிழலும் கொண்ட ஊழியர் குடியிருப்புகளில் நம் பிள்ளைகள் வளர்ந்தார்கள்; அங்கே நாம் முருகனுக்குக் கோயில் எழுப்பினோம்; சங்கம் கண்டோம்; பொங்கல் கொண்டாடினோம். அந்தச் சாலைகளின் கீழ் என்ன இருந்தது என்று நாம் கேட்டதுண்டா?

ரூர்கேலா உருக்காலையின் முதல் ஊதுலை 1959ஆம் ஆண்டு பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்தால் தொடங்கி வைக்கப்பட்டது. அவ்வாலைக்கும் நகருக்கும் 30க்கும் மேற்பட்ட சிற்றூர்கள் இடம் விட்டன. அவ்வூர்களில் வாழ்ந்தோர் பெரும்பாலும் பழங்குடி மக்கள். இரண்டாண்டுகளில், 1961இல், அதே நகரில் மண்டலப் பொறியியற் கல்லூரி எழுந்தது. இன்று அது தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்குகிறது. நம் பிள்ளைகள் பலர் அத்தகைய கல்லூரிகளில் படித்துப் பொறியாளர் ஆயினர். வயலை விட்டவரின் பிள்ளைகளுள் எத்தனை பேர் அவ்வாயிலுள் நுழைந்தனர்?

இது ஓர் ஊரின் கதை மட்டுமன்று. விடுதலைக்குப் பின் அணைகளாலும் சுரங்கங்களாலும் ஆலைகளாலும் இடம்பெயர்ந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் பழங்குடியினர் என்று ஆய்வாளர் பலர் மதிப்பிட்டுள்ளனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அவர்கள் நாட்டு மக்களில் 8.6 விழுக்காட்டினர், பத்துக் கோடிக்குச் சற்று மேற்பட்டோர். இழப்பில் ஐந்தில் இரண்டு பங்கு. எண்ணிக்கையிலோ பன்னிரண்டில் ஒரு பங்குதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கப் பெரிய பொருளாதார அறிவு வேண்டியதில்லை. ஒரு எழுத்தரின் அறிவே போதும்.

உயர்கல்வியில் அவர்கள் பெற்ற பங்கு என்ன? 2021-22ஆம் ஆண்டிற்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு, நாட்டில் உயர்கல்வி பயில்வோர் 4.33 கோடி என்றும், அவர்களில் பழங்குடி மாணவர் 27.1 லட்சம் என்றும் கூறுகிறது. அஃதாவது 6.3 விழுக்காடு. உயர்கல்வி வயதினரின் சேர்க்கை விகிதம் நாடு முழுமைக்கும் 28.4 ஆக இருக்க, பழங்குடியினரிடையே 21.2 ஆக இருந்தது. முன்னைய ஆண்டுகளை நோக்க இது வளர்ச்சியே. ஆயினும் எண்ணிக்கைக்குரிய பங்கைக்கூட அவர்கள் இன்னும் பெறவில்லை. இழப்பிற்குரிய பங்கைப் பற்றிப் பேச இடமே இல்லை.

கொடையா, நிலுவையா?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அரசமைப்பின் 46ஆவது உறுப்பு பழங்குடியினரின் கல்வி நலனைச் சிறப்பாகப் பேணுமாறு அரசைப் பணிக்கிறது. பள்ளியிறுதிக்குப் பிந்திய கல்வி உதவித்தொகை 1948-49ஆம் ஆண்டிலேயே பழங்குடி மாணவருக்கும் விரிவாக்கப்பட்டது. நருமதை பிறக்கும் அமர்கண்டக்கில் இந்திரா காந்தி தேசியப் பழங்குடிப் பல்கலைக்கழகம் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து, 2008இல் பணி தொடங்கியது. இவற்றால் முதன்முதலாகப் பட்டம் பெற்ற குடும்பங்கள் பல. அந்த நன்மையை மறுப்பது நன்றியன்று.

ஆனால், தருகின்ற முறையில்தான் மனம் வெளிப்படுகிறது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில், விடுதியில் தங்காது பயிலும் பழங்குடி மாணவருக்கு உதவித்தொகையின் மாதப்படி, படிப்பின் வகைக்கேற்ப 230 ரூபாய் முதல் 550 ரூபாய் வரை என்று வரையறுக்கப்பட்டது. 2014இல் ஆந்திரம் பிரிக்கப்பட்டபோது, இரு மாநிலங்களிலும் ஒவ்வொரு பழங்குடிப் பல்கலைக்கழகம் அமைப்பதாகச் சட்டத்திலேயே உறுதி கூறப்பட்டது. ஆந்திரத்திற்கு அதற்கான திருத்தச் சட்டம் 2019இல் வந்தது. தெலங்கானாவின் சம்மக்கா சாரக்கா பல்கலைக்கழகத்திற்கு 2023இன் இறுதியில்தான் வந்தது. ஒன்பது ஆண்டுகள்! அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒரு சிறுவன் எட்டாம் வகுப்பிலிருந்து முதுகலை வரை போயிருக்கலாம்.

அரசு ஊழியராகிய நாம் இதனை நம் வாழ்விலிருந்தே உணரலாம். அகவிலைப்படி நிலுவை காலம் தாழ்ந்தால் நாம் வாளா இருக்கிறோமா? அதனை 'உதவி' என்று எவரேனும் சொன்னால் பொறுப்போமா? ஓய்வூதியம் என்பது அரசின் கருணையால் கிடைக்கும் கொடையன்று, முன்னர்ச் செய்த பணியினால் விளைந்த உரிமை என்று நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நாளை ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடுகிறோம். முன்னர்ச் செய்த பணி நமக்கு உரிமையைத் தருமாயின், முன்னர் விட்ட நிலம் அவர்களுக்கு உரிமையைத் தாராதா? நமக்கு வருவது நிலுவை. அவர்களுக்குப் போவது உதவியா? ஒரே கருவூலத்திலிருந்து புறப்படும் இரண்டு தொகைகளுக்கு இரண்டு பெயர்கள் வைத்தவர் யார்?

கடல் கடந்த ஒரு சான்று

இவ்வினா நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. முதற்குடிகளை விலக்கிப் பெருநாடு கண்ட அமெரிக்காவிலும் இதே வழக்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது. அதன் வரலாறு நமக்கு ஒரு கண்ணாடி.

மொஹிகன் குடியைச் சேர்ந்த சாம்சன் ஆக்கம் என்னும் போதகர், 1766 முதல் 1768 வரை இங்கிலாந்தில் ஊர் ஊராகச் சென்று, தம் மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி தருவதற்கென்று ஏறத்தாழ 12,000 பவுன் திரட்டினார். அப்பணத்தைக் கொண்டு 1769இல் டார்ட்மத் கல்லூரி எழுந்தது. முதற்குடி இளைஞரின் கல்விக்கு என்று அதன் சாசனமும் கூறியது. ஆனால், அடுத்த இருநூறு ஆண்டுகளில் அங்கே பட்டம் பெற்ற முதற்குடியினர் இருபது பேர்கூட இல்லை. யார் பெயரால் பணம் திரட்டப்பட்டதோ அவர் வாயிலில் நின்றார். மற்றையோர் உள்ளே படித்தனர். இரந்து பெற்ற பணத்தின் கதி இதுவாயிற்று.

இனி உரிமையாகப் பெற வேண்டியதன் கதியைக் காண்போம். 1868இல் நவஹோ மக்களோடு செய்த உடன்படிக்கையில், 30 பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமும் ஓர் ஆசிரியரும் தருவதாக அமெரிக்க அரசு எழுதிக் கொடுத்தது. அது கொடையன்று; உடன்படிக்கையின் விலை. சரியாக நூறாண்டுகள் கழித்து, 1968இல், நவஹோ மக்கள் தாமே நடத்தும் கல்லூரி ஒன்றைத் தொடங்கினர். அதைப் பின்பற்றிப் பிற குடிகளும் கல்லூரிகள் கண்டன. அவற்றிற்குப் பொதுப்பணம் தர 1978இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தலைக்கு இவ்வளவு என்று சட்டம் வரையறுத்ததை வரவுசெலவுத் திட்டம் பல ஆண்டுகளாக முழுமையாகத் தந்ததில்லை. மேலும், அக்கல்லூரிகள் பிற இனத்து ஏழை மாணவரையும் சேர்த்துக்கொள்கின்றன. அந்தத் தலைகளுக்கு அச்சட்டத்தின் கீழ்ப் பணம் கிடையாது. கொடுக்க வேண்டியவர் எண்ணி எண்ணிக் கொடுக்கிறார். பெற வேண்டியவரோ எண்ணாமல் பகிர்கிறார். இவருள் வள்ளல் யார்?

இன்னும் ஒன்று. அந்நாட்டின் புகழ்பெற்ற மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிற்கு 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலம் வழங்கப்பட்டது. ஒரு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட அந்நிலம் முதற்குடிகளிடமிருந்து பெறப்பட்டதே. எனவே, அங்கே உயர்கல்விக்கு முதலிட்டவர் யார், உதவி பெற்றவர் யார் என்ற கணக்கையே திருப்பி எழுத வேண்டியிருக்கிறது.

மறுப்புகள்

இங்குச் சிலர் எழுந்து கேட்பர். முன்னோர் செய்ததற்கு நான் ஏன் பொறுப்பு? நான் எவர் நிலத்தையும் பறிக்கவில்லையே! நியாயமான கேள்விதான். ஆனால், தந்தை வைத்த வீட்டில் குடியிருக்கும் மகன், அவ்வீட்டின் மேலுள்ள அடமானத்தை மட்டும் தந்தையோடு போயிற்று என்று சொல்ல முடியுமா? சொத்து வரும்போது கடனும் உடன் வரும். உருக்கும் மின்சாரமும் ஊதியமும் நமக்கு வந்தன. அவற்றோடு இதுவும் வந்தது. இது குற்றச்சாட்டன்று, கணக்கு.

வேறு சிலர், என் மகனும் ஏழைதான், தொண்ணூறு மதிப்பெண் பெற்றும் இடம் கிடைக்கவில்லையே என்பர். எழுத்தரின் வீட்டில் இந்த வேதனை எனக்குப் புதிதன்று. என் வீட்டுக் கூடத்திலும் அது கேட்டதுண்டு. ஆனால், என் மகனுக்குக் கிட்டாத இடம், ஏழரை விழுக்காட்டு ஒதுக்கீட்டைப் பெற்ற பிள்ளையிடம் இல்லை. கட்டப்படாத கல்லூரிகளில் இருக்கிறது. பசித்த இருவரில் ஒருவன் மற்றவன் இலையைப் பார்த்துச் சினப்பது இயல்பு. ஆயினும் உலை சிறியதாக வைத்தவனை இருவரும் கேட்பதே முறை.

மூன்றாவது மறுப்பு ஆழமானது. கல்வி என்ற பெயரால் அவர்களை அவர்களாக இல்லாமல் ஆக்கிவிடுவோமாயின், அது கடன் தீர்த்தல் ஆகுமா? இதற்கு விடை, ஆகாது என்பதே. நெல் வாங்கியவன் உமியைத் திருப்பித் தந்து கணக்கு முடித்தான் என்பது போலாகும். எதைக் கற்பது, எம்மொழியில் கற்பது என்பதில் கற்பவருக்கும் சொல் இருக்க வேண்டும்.

இதனை ராஞ்சியில் ஒருவர் செய்து காட்டினார். ராம் தயாள் முண்டா தாமார்ப் பகுதிச் சிற்றூரில் 1939இல் பிறந்தவர். சிகாகோவில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். அந்த வாழ்வை விட்டு ஊர் திரும்பி, ராஞ்சிப் பல்கலைக்கழகத்தில் பழங்குடி, வட்டார மொழிகளுக்கான துறையைக் கட்டி வளர்த்தார். முண்டாரி, சந்தாலி, ஹோ, கரியா, குருக் ஆகிய ஐந்து பழங்குடி மொழிகளும் நான்கு வட்டார மொழிகளும் அங்கே பட்டப்படிப்பின் பாடங்களாயின. பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார், 2011இல் மறைந்தார். பொதுப்பணம் தக்க கையில் சேரும்போது, அது ஒரு மொழிக்கு நாற்காலி போடுகிறது. வீட்டில் மட்டும் பேசப்பட்ட சொல்லுக்குத் தேர்வு மண்டபத்தில் இடம் தருகிறது. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தார் நடத்தும் பள்ளிகளுக்காக நம்மவர் எத்தனை பாடுபட்டனர் என்பதை அறிந்த நமக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் என்னும் சொல்

எந்தச் சொல்லைச் சொல்ல உரிமை உடையவர் என்ற முதல் வினாவிற்கு வருவோம். இன்றுவரை படிவங்கள் அவர்களை 'ஈ' என்றே சொல்ல வைக்கின்றன. 'பயனாளி' என்னும் சொல்லே அதற்குச் சான்று. அவர்கள் சொல்ல வேண்டிய சொல் 'கொடு' என்பதே. பிறப்பால் உயர்ந்தவர் என்பதனால் அன்று. கடன் கொடுத்தவர், கொடுத்த அந்த ஒன்றினால் மட்டும், கடன்பட்டவரினும் ஒருபடி மேலே நிற்கிறார் என்பதனால். கடனைத் தீர்ப்பவன் நாள் பார்ப்பான்; நாணுவான்; எழுத்துப் பிழையைக் காட்டித் தப்ப நினையான்.

ஆயினும் கடன் என்ற சொல்லோடு நிறைவடையவும் என் மனம் ஒப்பவில்லை. கடன் தீர்ந்தால் உறவும் தீரும். நிலத்திற்கு ஈடாகப் பணத்தை வைத்துக் கணக்கை முடிக்கவும் இயலாது. சில கடன்கள் முழுதும் தீர்வன அல்ல. ஆகவே 'கொடு' என்பது வழி. சென்று சேர வேண்டிய இடம் 'தா' என்பதே. அவர் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்து, "அந்தப் புத்தகத்தைத் தா" என்று ஒருவரை ஒருவர் கேட்கும் நாளே இக்கணக்கு நேரான நாள்.

இறுதியாக ஒன்று. அந்த நண்பரின் மகள் இப்போது பட்டம் பெற்றுவிட்டாள். அண்மையில் அவர்கள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். பேச்சின் நடுவே அவர்கள் தமக்குள் பேசிய குருக் மொழியில் ஒரு சொல் என் காதில் விழுந்தது. "நாம்" என்றார்கள். திடுக்கிட்டுக் கேட்டேன். குருக்கும் திராவிட மொழியே என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், காதால் கேட்டதில்லை. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும்போது அவர்கள் மொழியிலும் 'நாம்'. கேட்பவரை விலக்கிச் சொல்லும்போது 'ஏம்'. இந்தியில் இந்த வேறுபாடு இல்லை. ஆயிரம் மைல் தொலைவில் வாழும் இரு மொழிகள் இந்த ஒரு நுட்பத்தை மறவாமல் காத்து வந்திருக்கின்றன.

பொதுப்பணம் என்பது நம் பணம் என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். அந்த 'நம்'மில் அவர்கள் உள்ளார்களா, இல்லையா? விடை நம் நாவில் இல்லை. நாம் நிரப்பும் படிவத்தில் இருக்கிறது. இப்போதெல்லாம் நான் எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும் பெயரை எழுத்துக்கூட்டி இருமுறை படிக்கிறேன்.